ஏழாம் சொனாட்டாவில் ஏழெண்ணிக்கைத் தாளம்

மூன்றும் நான்கும் கூடினால் ஏழு. இரண்டும் மூன்றும் இரண்டும் கூடினாலும் ஏழே. கணக்கில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை, காதுக்கு உண்டு. இச்சிறு வேறுபாட்டின்மீதே ஓர் இசைப் பகுதி முழுவதையும் நிறுத்திக் காட்டியவர் உருசிய நாட்டு இசைஞர் செர்கெய் புரோக்கோபியெவ். பியானோ ஒன்றுக்கென்றே அவர் இயற்றி 1942இல் எழுதி முடித்த ஏழாம் சொனாட்டாவின் இறுதிப் பகுதியே அது.

சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களுக்குப் பியானோ புதிய கருவி அன்று. சிராங்கூன் சாலைக் கோயில்களில் நாதசுரமும் தவிலும் கேட்டு வளரும் பிள்ளை, வாரத்தில் ஒரு நாள் தேவார வகுப்புக்கோ மிருதங்க வகுப்புக்கோ செல்கிறது. இன்னொரு நாள் பியானோ ஆசிரியரிடம் சென்று, இலண்டனிலிருந்து நடத்தப்படும் படிநிலைத் தேர்வுக்கு ஆயத்தமாகிறது. முதல் வகைப் பயிற்சிக்கு 1949இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற அமைப்புகள் உள்ளன. இரண்டாம் வகைக்கோ தெருவுக்குத் தெரு ஆசிரியர் உளர். இரு வகுப்பிலும் அமர்வது ஒரே பிள்ளைதான். எனினும் ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் பயன்படும் என்று அப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்வோர் அரியர். மிருதங்க வகுப்பில் ஏழெண்ணிக்கைச் சொற்கட்டைத் தூக்கத்திலும் பிழையின்றிச் சொல்லக்கூடிய சிறுவன், பியானோ ஏட்டின் தலைப்பில் ஏழின்கீழ் எட்டு என்ற குறியைக் கண்டதும், அறியாத ஊரின் பெயர்ப் பலகையைக் கண்டவன்போல் நின்றுவிடுகிறான். மேலை இசை எல்லாம் இரண்டும் நான்குமாக அணிவகுத்து நடப்பது, வளைந்து நடக்கும் தாளங்கள் நமக்கே உரியவை என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. இரண்டும் பிழை. அப்பிழையைத் திருத்த இந்தச் சொனாட்டாவைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது.

சொனாட்டா என்னும் சொல், ஒலித்தல் எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. பாடப்படுவது காண்டாட்டா, கருவியில் ஒலிக்கப்படுவது சொனாட்டா. காலப்போக்கில் அது, மனநிலையாலும் நடையாலும் வேறுபட்ட இரண்டு, மூன்று அல்லது நான்கு பகுதிகளை ஒன்றாகக் கோத்த நெடும்படைப்புக்குப் பெயராயிற்று. இனிக் கருவியைப் பற்றி ஒரு சொல். நம் பழைய இசைநூலார் இசை பிறக்கும் இடங்களைத் தோல், துளை, நரம்பு, மிடறு என வகுத்தனர். இத்தாலியில் கிறித்தோபோரி என்பார் 1700ஆம் ஆண்டையொட்டி ஆக்கிய பியானோவை இவற்றுள் எதில் சேர்ப்பது? உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் இருத்தலின் நரம்புக் கருவி எனலாம். ஆனால் அக்கம்பிகளை விரல் மீட்டுவதில்லை. கம்பளி போர்த்த சிறு சுத்தியல்கள் தாக்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைஞர்கள் அந்தச் சுத்தியலைக் கேட்போர் மறக்கும்படி செய்யப் பெரிதும் முயன்றனர். புரோக்கோபியெவ் அதை மறைக்க விரும்பாதவர். நரம்புக் கருவியாகப் பிறந்த பியானோ அவர் கையில் பலகாலும் தோற்கருவியாக வாழ்ந்தது. தவிலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அவர் இசை எளிதில் பிடிபடக் காரணமும் அதுவே.

அவர் 1891இல், இன்று உக்ரேனில் உள்ள சொன்த்சோவ்கா என்னும் சிற்றூரில் பிறந்தார். பீட்டர்சுபர்க் இசைக் கல்லூரியில் பயின்று, 1918இல் நாட்டை விட்டு வெளியேறி, அமெரிக்காவிலும் பிரான்சிலும் பெயர் பெற்று, 1936இல் மாசுகோவில் குடியேறினார். அடக்குமுறை உச்சத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நாட்டுக்கு ஏன் திரும்பினார் என்பதுபற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். நமக்கு வேண்டியது 1939ஆம் ஆண்டு. அவ்வாண்டில்தான் ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று சொனாட்டாக்களையும் அவர் ஒருங்கே தொடங்கினார்.

அவ்வாண்டு சூன் 20ஆம் நாள், அவருடைய நெடுநாள் நண்பரும் பெரும் நாடக இயக்குநருமான மெயர்கோல்து கைது செய்யப்பட்டார். புரோக்கோபியெவ் எழுதியிருந்த புதிய இசைநாடகத்தை மேடையேற்ற இருந்தவர் அவரே. சில வாரங்களில் மெயர்கோல்தின் மனைவி, நடிகை சினைதா ராய்க், தம் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 1940 பெப்ருவரியில் மெயர்கோல்து சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றுக்கிடையே, 1939 இறுதியில் வந்த ஸ்டாலினின் அறுபதாம் பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்துப் பாடலும் புரோக்கோபியெவ் எழுத வேண்டியிருந்தது, எழுதினார். ஒரே மேசையின்மேல் அந்த வாழ்த்தும் இந்தச் சொனாட்டாக்களின் குறிப்புகளும் கிடந்த காலம் அது.

செருமானியப் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்தது 1941 சூன் மாதம். கலைஞர்கள் பலர் தெற்கே அனுப்பப்பட்டனர். புரோக்கோபியெவும் நால்ச்சிக், திபிலிசி என ஊர் மாறிக்கொண்டிருந்தார். அந்த இடப்பெயர்ச்சிக்கு நடுவே 1942இல் ஏழாம் சொனாட்டா நிறைவுற்றது. இம்மூன்றையும் போர்ச் சொனாட்டாக்கள் என்று இன்று உலகம் அழைக்கிறது. அது ஆசிரியர் இட்ட பெயர் அன்று. போர் அந்நாட்டின் எல்லையைத் தொடுவதற்கு ஈராண்டு முன்பே தொடங்கப்பட்ட படைப்பில் கேட்கும் அச்சம் எந்தப் பகைவனைப் பற்றியது என்ற கேள்வியை அப்பெயர் எளிதில் மூடிவிடுகிறது. வெளியிலிருந்து வந்த பகை, உள்ளிருந்து வந்த பகை இரண்டையுமே அவ்விசை அறிந்திருந்தது என்று கொள்வதே பொருத்தம்.

முதல் அரங்கேற்றம் 1943 சனவரி 18ஆம் நாள் மாசுகோவில் நடந்தது. வாசித்தவர் ஸ்வியத்தஸ்லாவ் ரிக்டர். அப்போது அவருக்கு வயது 27. நான்கே நாளில் முழுவதையும் மனப்பாடம் செய்ததாகப் பிற்காலத்தில் அவரே கூறினார். இசைஞரும் அரங்கில் இருந்தார். கூட்டம் கலைந்த பின்னும் எழுந்து போகாமல் நின்ற இசைக்கலைஞர் சிலருக்காக ரிக்டர் அதை மீண்டும் ஒருமுறை வாசித்தார். லெனின்கிராடை வளைத்திருந்த செருமானிய முற்றுகை வளையம் முதன்முதலாக உடைக்கப்பட்டதும் அதே நாள்தான். ரிக்டரின் தந்தையார், செருமானிய ஒற்றர் என்ற பழியின்பேரில், 1941இல் ஒடெசா நகரில் சோவியத் அதிகாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார் என்பதையும் சேர்த்து எண்ணுக. அவ்வாண்டே சொனாட்டாவுக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஐந்தாண்டு கழித்து, 1948இல், அதே அரசு புரோக்கோபியெவின் இசை மக்களுக்கு ஒவ்வாதது என்று கண்டித்தது. வாசிக்கலாகாத படைப்புகளின் பட்டியலில் உடன்பிறப்புகளான ஆறாம், எட்டாம் சொனாட்டாக்கள் இடம்பெற்றன. அவர் 1953 மார்ச் 5ஆம் நாள் இறந்தார். ஸ்டாலின் இறந்த நாளும் அதுவே.

சொனாட்டாவுக்குள் வருவோம். மூன்று பகுதிகள், எல்லாம் சேர்ந்து இருபது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு.

முதற்பகுதிக்கு அமைதியற்ற விரைவு என்பது ஆசிரியர் எழுதிய குறிப்பு. பறையொலிபோல் ஒரே சுரம் திரும்பத் திரும்பத் தட்டப்படுகிறது. ஆதார சுருதி எது என்று காது தேடிக் களைக்கும் நேரத்தில், வேகம் தணிந்து, துயரோடு இசைக்க என்ற குறிப்புடன் ஒரு மெல்லிய இசை வருகிறது; பின் மீண்டும் ஓட்டம். இரண்டாம் பகுதி கதகதப்பான மெதுநடை. இனிய மெட்டு, கேட்டவுடன் மனத்தில் நிற்பது. அளவுக்கு மீறி இனிமையோ என்று ஐயுறுவாரும் உண்டு. செருமானிய இசைஞர் சூமான் எழுதிய ஒரு பாடலின் மெட்டை அது ஒத்திருப்பதை ஆய்வாளர் சுட்டுவர். மகிழ்ந்து பாடுவதுபோல் தோன்றும்போதும் உள்ளே கண்ணீர் இருப்பதைச் சொல்லும் பாடல் அது. வேண்டுமென்றே அதை எடுத்தாரா என்பதை உறுதியாகக் கூறவியலாது. எனினும் அந்த ஆண்டுகளில் அப்படியொரு பாடலை நினைவுகொள்ளக் காரணம் நிறைய இருந்தது. நடுவே மணி அடிப்பதுபோன்ற ஒலி உயர்ந்து, அடங்கி, முதல் மெட்டின் ஒரு துணுக்கு மட்டும் திரும்ப வந்து மறைகிறது.

மூன்றாம் பகுதியே நம் பொருள். மலைச்சரிவில் உருண்டு வரும் கல்லைப்போல் விரைக என்பது அதன் தலைப்புச் சொல்லின் கருத்து. நடப்பது மூன்று நிமிடமும் சில வினாடிகளும்தான். ஆவர்த்தத்துக்கு ஏழெண்ணிக்கை, ஓர் ஆவர்த்தம் ஓடி முடிய ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதல். ஏழு எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதில்தான் நுட்பம் உள்ளது.

தமிழாசிரியர்க்கு இதைக் குறிலைக்கொண்டு விளக்குவது எளிது. குறில் ஒவ்வொன்றுக்கும் மாத்திரை ஒன்று. தகிட என்பது மூன்று. தகதிமி என்பது நான்கு. தகிட தகதிமி எனச் சேர்த்தால் நம் மிசிர சாபு. நான்கை முன்னும் மூன்றைப் பின்னுமாக மாற்றினால் விலோம சாபு என்பர். குறள் வெண்பாவின் ஏழு சீரும் நான்கு, மூன்று என அடியில் நிற்பது இங்கே நினைவுக்கு வரும். சீர்கள் மாத்திரை அளவில் ஒத்தவை அல்ல ஆதலின் அதைத் தாளம் என்று கொள்ளலாகாது. ஆயினும் ஏழை இரண்டாக உடைத்து, சமமற்ற இரு கூறுகளுக்கிடையே ஓர் எடையைக் காணும் பழக்கம் நமக்கு உண்டு என்பதற்கு அது போதும். திசிர சாதித் திரிபுட தாளத்தில் ஏழு, மூன்று இரண்டு இரண்டு என நிற்கிறது. இவையெல்லாவற்றிலும் ஒற்றைப்படையான மூன்று ஓர் ஓரத்தில் இருக்கிறது. புரோக்கோபியெவ் அதை நடுவில் வைத்தார். தக, தகிட, தக. துருதம், லகு, துருதம் என்னும் இவ்வடுக்கு நம் ஏழு தாளங்களுள் எதிலும் இல்லை. முன்னிருந்து எண்ணினும் பின்னிருந்து எண்ணினும் இரண்டு, மூன்று, இரண்டே. எண்ணிக்கையில் அமைந்த மாலைமாற்று இது. சம்பந்தர் காலத்திலிருந்து மாலைமாற்றைச் சுவைத்துவரும் மொழியார்க்கு இவ்வமைப்பைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இதனால் விளையும் விந்தை ஒன்று உண்டு. ஓர் ஆவர்த்தத்தின் இறுதியில் உள்ள இரண்டும், அடுத்த ஆவர்த்தத்தின் தொடக்கத்தில் உள்ள இரண்டும் அடுத்தடுத்து விழுகின்றன. சேர்த்துக் கேட்டால் நான்கு. ஆகவே முதலில் வரும் ஒரேயொரு தக என்பதை ஒதுக்கிவிட்டால், பின்னர் ஓடுவது மூன்று நான்கு, மூன்று நான்கு, மூன்று நான்கு. அதாவது, உருசிய இசையின் உள்ளே நம் மிசிர சாபு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் பியானோவின் ஆவர்த்தம் தொடங்கும் அடி, நம் சமத்தில் விழுவதில்லை. தகதிமி என்ற நான்கின் நட்ட நடுவே, தி என்னும் எழுத்தின் தலையில் விழுகிறது. கைத்தாளம் ஓரிடத்தைத் தொடக்கம் என்கிறது. பியானோவின் இடக்கை வேறோரிடத்தைத் தொடக்கம் என்கிறது. இருவரும் எண்ணுவது ஒரே ஏழு. எங்கே ஊன்றுவது என்பதில் மட்டும் இறுதிவரை இணக்கம் இல்லை. கேட்போர் நெஞ்சில் ஏற்படும் பதற்றத்துக்கு வேகமும் ஓசையும் காரணம் என்று கூறுவர். அவை பாதிக் காரணம். மீதிப் பாதி இவ்வூன்றலில் இருக்கிறது.

இன்னொன்று. நம் தாளத்தில் ஏழு எவ்வளவு அலைந்தாலும் வீடு திரும்பும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் எத்தனை கணக்குப் போட்டுத் தொலைவுக்குச் சென்றாலும், கோர்வை முடிந்து எடுப்பில் வந்து நிற்கும்போது அரங்கே மூச்சு விடுகிறது. இடையிடையே கார்வை உண்டு. இந்த இறுதிப் பகுதியில் கார்வை என்பதே இல்லை எனலாம். நிற்க இடமில்லாத ஏழு அது.

சுரத்திலும் ஒரு செய்தி இருக்கிறது. இடக்கை, பி பிளாட் என்னும் கட்டையில் ஊன்றி, சி ஷார்ப்புக்குத் தாவி, மீண்டும் பி பிளாட்டுக்கே வருகிறது. இதையே விடாப்பிடியாகச் செய்கிறது. மேலே வலக்கையில் பி பிளாட்டுக்குரிய இசைவுக் கூட்டு ஒலிக்கிறது. அதில் டி என்னும் சுரம் உண்டு. பி பிளாட்டைச் சட்சமாகக் கொண்டு எண்ணுக. சி ஷார்ப், சட்சுருதி ரிசபம். டி, அந்தர காந்தாரம். மேலை இசை பயின்றோர் காதுக்கு இது உரசல். நம்மவர் காதுக்கு இவ்விரு சுரமும் சட்சத்தோடு சேர்ந்தால் எழுவது நாட்டையின் வாசல். கச்சேரியும் கோயிலிசையும் மங்கலமாகத் தொடங்கும் இராகம். புரோக்கோபியெவ் நாட்டையைக் கேட்டு எழுதினார் என்று யாரும் கொண்டுவிடலாகாது; பியானோவின் கட்டைகளில் கமகத்துக்கும் இடமில்லை. நமக்கு விழாவின் தொடக்கமாக ஒலிக்கும் சுரங்கள் அங்கே வேறொன்றாக ஒலிக்கின்றன என்பதே கவனிக்கத் தக்கது. சுரத்துக்கென்று பிறவிப் பொருள் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வகுப்பில் கிடைக்காது.

இத்தகைய தாளம் உருசியாவுக்குத் திடீரென வந்ததன்று. அங்குள்ள நாட்டுப் பாடல்கள் சொல்லின் போக்குக்கேற்ப ஐந்தும் ஏழுமாக நடப்பவை. முசோர்க்சுகி 1874இல் பியானோவுக்கு எழுதிய கண்காட்சிச் சித்திரங்களில் ஐந்தும் ஆறும் மாறி மாறி வருகின்றன. சைக்கோவ்சுகி 1893இல் தம் ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை ஐந்தெண்ணிக்கையில் அமைத்தார். ரிம்சுகி கோர்சக்கோவ் தம் பனிமங்கை இசைநாடகத்தைப் பதினோரெண்ணிக்கைக் கூட்டுப் பாடலுடன் முடித்தார். புரோக்கோபியெவ் மாணவராக இருந்தபோது அவருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்களுள் ரிம்சுகி கோர்சக்கோவும் ஒருவர்.

அந்த ஆசிரியர் எழுதிய வண்டின் பறப்பு என்னும் சிறு இசையை வாசித்துத்தான், 2019இல், சென்னைச் சிறுவர் லிடியன் நாதசுரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து இலட்சம் டாலர் பரிசு வென்றார். ஏ. ஆர். இரகுமான் 2008இல் தொடங்கிய கே. எம். இசைக் கல்லூரியில் பயின்றவர் அவர். உருசிய முறைப் பியானோப் பயிற்சிக்கென்றே தனிப் பிரிவு அமைந்த கல்லூரி அது. உலகம் அன்று வியந்தது அவர் விரலின் வேகத்தை. பெயரிலேயே நாதசுரத்தை வைத்திருக்கும் ஒரு பிள்ளையின் காதில் வேகத்துக்கும் மேற்பட்டது எவ்வளவு இருக்கும் என்பதை எவரும் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் பியானோத் தனியரங்குகளுக்குப் பெயர்பெற்ற இடம் விக்டோரியா இசையரங்கு. 1994இல் தொடங்கிய அனைத்துலகப் பியானோ விழா அங்கு வேரூன்றியது. ரிக்டர் மாசுகோவில் இந்தச் சொனாட்டாவை அரங்கேற்றிய 1943 சனவரியில், இந்நகரின் பெயர் சிங்கப்பூர் அன்று, சியோனான். சப்பானியர் ஆட்சி தொடங்கி ஓராண்டு நிறைய இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் சயாம், பர்மா இரயில் பாதைக்கு அள்ளிச் செல்லப்பட்டதும், திரும்பாதோர் பெயர்கூட எழுதப்படாமல் போனதும் அந்த ஆண்டில்தான். போர் முடிந்தபின், நகரில் சீனர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்ட வழக்கு 1947 மார்ச் மாதம் விசாரிக்கப்பட்டது, அந்நாளில் விக்டோரியா நினைவு மண்டபம் எனப் பெயர் கொண்டிருந்த இதே கட்டடத்தில். சாட்சிகள் நின்ற கூடத்தில் இன்று பியானோ நிற்கிறது. மாசுகோவின் போரிசை நமக்குத் தொலைவானது என்று கருதுவோர், அவ்விருக்கைகளில் அமர்ந்து ஒருமுறை அதைக் கேட்பது நன்று.

இசைத்தட்டில் கேட்க விரும்புவோர்க்குப் பல வாசிப்புகள் உள்ளன. கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓரோவிட்சு, 1945இலேயே இதைப் பதிவு செய்தார். இறுதிப் பகுதியில் அவர் இடக்கை இரும்பு. இத்தாலியர் பொல்லினி 1971இல் செய்த பதிவு எண்ணிக்கை பிசகாமல் கேட்க ஏற்றது. தாளம் போட்டுப் பழகுவோர் இதில் தொடங்கலாம்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு முறை உண்டு. முதலில் மாணவர் அனைவரும் தகிட தகதிமி என மெதுவாகச் சொல்லிக் கையால் சாபு போடட்டும். அது நிலைத்த பின், தக என்று ஒருமுறை மட்டும் முன்னே சேர்த்துச் சொல்லி, அந்தத் தக என்பதிலிருந்து ஏழுக்கு ஒருமுறை ஒரு மாணவர் மேசையைத் தட்ட வேண்டும். தட்டு ஒவ்வொரு முறையும் தி என்பதில் விழும். சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுக. பியானோ பயிலும் பிள்ளை வகுப்பில் இருப்பின், மேசைக்கு மாறாக அப்பிள்ளையை இடக்கைப் பகுதியை மட்டும் வாசிக்கச் சொல்லி, ஆசிரியர் சாபு போடலாம். இருபது ஆவர்த்தத்துக்குள் இருவரில் ஒருவர் தவறுவர். பெரும்பாலும் அது ஆசிரியராகவே இருக்கும்.